இரண்டு தரம் ஆடிய தலை

தவராசா ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. தலையைப் பார்ப்பான். ஒருவர் ஓம் என்று சொல்லும்போது தலை முன்னால் விழுகிறதா, பக்கமாகச் சரிகிறதா, ஒரு தரமா, இரண்டு தரமா. திருகோணமலைச் சந்தைக்குப் பின்னால் தையல் மெசின் திருத்தும் கடை வைத்திருந்தவனுக்கு இது வேண்டாத வேலை. ஆனால் அவன் வாழ்வின் நடுப்பகுதி முழுவதும் அந்த வேலையில்தான் போனது. தையல் மெசின் வயிற்றுப்பாட்டுக்கு.

தொண்ணூறாம் ஆண்டு ஒரு காலை இராணுவத்தின் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லோரும் கடற்கரைப் பக்கத்து மைதானத்துக்கு வர வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். தவராசாவும் தம்பி இரத்தினசிங்கமும் போனார்கள். கடையில் இருவரும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். தம்பிக்குக் கலியாணமாகி ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை.

மைதானத்தின் நடுவில் ஒரு கதிரை. அதில் ஒருவன் இருந்தான். தலையிலிருந்து நெஞ்சுவரை கோதுமை மா மூட்டைச் சாக்கு. சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள். இப்படி இருந்து இயக்கத்துக்காரரைக் காட்டிக்கொடுப்பவனைத் தலையாட்டி என்பார்கள். வரிசையில் வருகிறவன் அவன் முன்னால் நிற்க வேண்டும். சாக்கு அசையாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அசைந்தால் லொறி.

தவராசா நின்றபோது சாக்கு அசையவில்லை. அவனுக்குப் பின்னால் தம்பி. தவராசா கொஞ்சம் நகர்ந்து திரும்பிப் பார்த்தான். சாக்கு இடது பக்கம் சரிந்தது. நாடி தோளில் முட்டுவதுபோல ஒரு வெட்டு. பிறகு இன்னொரு வெட்டு.

பக்கத்தில் நின்ற சீருடைக்காரன் துவக்கின் பின்பக்கத்தால் இரத்தினசிங்கத்தின் வாயில் அடித்தான். ஓடு உடைவதுபோல ஒரு சத்தம் கேட்டது. தம்பி விழவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். விரல்களுக்கிடையால் இரத்தம் முழங்கைவரை வழிந்தது. இரண்டாவது அடி காதுக்குப் பின்னால். விழுந்தவனின் பிடரியில் ஒருவன் சப்பாத்துக் காலை வைத்து மிதித்தான். இன்னொருவன் தலைமயிரில் பிடித்து லொறிவரை இழுத்தான். தம்பியின் குதிக்கால்கள் மணலில் இரண்டு கோடு போட்டன.

தவராசா "ஐயா" என்று ஓர் அடி எடுத்து வைத்தான். இடுப்பில் உதை விழுந்தது. மண் வாய்க்குள் போனது. மண்ணைத் துப்பிவிட்டு நிமிர்ந்தபோது லொறி நிறைந்திருந்தது. கதிரையில் இருந்தவன் அடுத்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அவனும் தம்பியின் மனைவி கமலேஸ்வரியும் முகாம் முகாமாக அலைந்தார்கள். அப்படி ஓர் ஆள் இல்லை என்றே எல்லா வாசலிலும் பதில் வந்தது. கமலேஸ்வரி தவராசாவின் வீட்டு வளவிலேயே பின் அறையில் தனியாகச் சமைத்து இருந்தாள். பொட்டை அவள் அழிக்கவில்லை. சிறிதாக்கினாள். வருடத்துக்கு வருடம் அது சிறுத்து, கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும் என்ற அளவுக்கு வந்தது.

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்று: அவர் எங்கே. தவராசாவுக்குத் தெரியவேண்டியது வேறு: சாக்குக்குள் இருந்தது யார்.

அதற்காகத்தான் தலைகளைப் பார்த்தான். மூதூர் இறங்குதுறையில் மீன் யாவாரி ஒருவனின் தலை சந்தேகமாக ஆடியதென்று, சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவன் பின்னால் திரிந்தான். அந்த ஆள் தொண்ணூறில் கட்டாரில் இருந்தவன் என்று பிறகு தெரிந்தது. இன்னொரு முறை சல்லி அம்மன் கோயில் திருவிழாவில், தண்ணீர்ப் பந்தலில் நின்றவன் ஒருவன் இடது பக்கம் இரண்டு தரம் தலையை வெட்டினான். தவராசா கையிலிருந்த செம்பால் அவன் வாயில் அடித்தான். அவன் குந்தி இருந்து பல்லை மண்ணில் தேடினான். அவன் போன வருடம்தான் மட்டக்களப்பிலிருந்து வந்தவன். காதுக்குள் தண்ணீர் போனதால் தலையை ஆட்டியிருக்கிறான்.

"தம்பியைக் குடுத்ததில ஆளுக்கு ஒரு ஆணி கழண்டு போச்சு" என்று சந்தையில் சொன்னார்கள். "மெசினுக்கு மட்டும் ஆணி சரியாப் பூட்டுவான்."

பிறகு சமாதான காலம் வந்தது. காவலரண்கள் அப்படியே இருந்தன. ஆனால் உள்ளே நின்றவர்கள் சிரித்தார்கள். வெளிநாட்டு ஆட்கள் வெள்ளை வாகனங்களில் திரிந்தார்கள். நிலாவெளி வீதியில் ஷெல் விழுந்து கூரை போன ஒரு பழைய அரிசி ஆலையைக் கிண்ணியா அஸீம் குத்தகைக்கு எடுத்தான். அவன் வெளிநாட்டில் விளையாட்டுத் திடல் ஒன்றில் வேலை செய்து திரும்பியவன். வரும்போது எட்டு துவக்குகள் கொண்டுவந்திருந்தான். பெயின்ட் துவக்கு.

ஒரு நாள் அவற்றில் மூன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தவராசாவின் கடைக்கு வந்தான். தவராசா சாக்கைப் பிரித்ததும் கையை எடுத்துக்கொண்டான்.

"இதை எடுத்துக்கொண்டு போ. நான் செத்த மாதிரித்தான்."

"பயப்படாதீங்க அண்ணன். பொலிசில கடிதம் எடுத்திருக்கன். விளையாட்டுச் சாமான். காஸ் அடைச்சா பெயின்ட் உருண்டைய அடிக்கும். பட்டா நோகும், அவ்வளவுதான். உப்புக் காத்தில எல்லாம் இறுகிப் போச்சு."

"சண்டை முடிஞ்ச உடனை சண்டை விளையாட்டோ?"

"சனத்துக்கு வேற விளையாட்டுத் தெரியாது அண்ணன்" என்றான் அஸீம். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு முகமூடியை எடுத்தான். கண்ணுக்குக் கண்ணாடி, வாய்க்குத் துளைகள், பின்னால் பட்டி. நெற்றியில் ஆறு என்று எழுதியிருந்தது. "இதுட லாஸ்டிக் லூஸ். ஒரு தையல் போட்டுத் தாங்க."

"நாளைக்குப் பாப்பம்."

அந்த நாளை வரவில்லை. கறுப்பு முகமூடியைக் கடைக்குள் வைத்திருக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. தைக்காமலே திருப்பிக் கொடுத்தான். துவக்குகளைத் திருத்தினான். தையல் மெசினைப் போலத்தான் அவையும் இருந்தன. ஒரு துண்டு முன்னால் போக வேண்டும், திரும்பி வர வேண்டும், கொக்கியில் மாட்ட வேண்டும். விசையை இழுத்தால் கொக்கி விலகும், உள்ளே இருக்கும் உருக்குத் துண்டை ஸ்பிரிங் முன்னால் எறியும், அது காஸ் வாயைத் தட்டும், உருண்டை பறக்கும். அதே காஸ் உருக்குத் துண்டைப் பின்னால் தள்ளி மறுபடி கொக்கியில் மாட்டும். ஒரு இழுவைக்கு ஒன்று.

விளையாட்டு நடக்கும் நாட்களில் துவக்கு இறுகினால் பார்ப்பதற்குத் தவராசாவும் ஆலைக்கு வந்து இருக்க வேண்டும் என்று அஸீம் கேட்டுக்கொண்டான். ஆலை முற்றத்தில் மணல் நிரப்பிய பீப்பாய்கள் அங்கங்கே நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒளிந்து சுட வேண்டும். பட்டவன் கையை உயர்த்திக்கொண்டு வெளியே வர வேண்டும். பெயின்ட் மஞ்சளும் நீலமும். சிவப்புக்குப் பொலிஸ் சம்மதிக்கவில்லை.

முதல் நாள் கூலிக்கு வந்த இருவர் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் ஆறு பேர் முகமூடியோடு வரிசையாக வெளியே வந்ததும் இருவரும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுச் சுவரோடு சேர்ந்து நின்றார்கள். ஒருவன் சட்டையைக் கழற்றத் தொடங்கினான். அஸீம் ஓடிவந்து அவனைப் பிடித்தான்.

"என்ன செய்றாய்?"

"சோதிக்கேல்லையோ?"

வெள்ளைக்காரர் சிரித்தார்கள். தவராசா சிரிக்கவில்லை. அவனும் எழுந்து நின்றுவிட்டிருந்தான்.

உருண்டைகள் வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். அவற்றைக் குளிரில் வைக்க ஐஸ் வேண்டும். ஐஸ் கொண்டுவந்தவன் சோமசேகரம். சல்லிக் கடற்கரையில் கொட்டில் போட்டு மீன்காரர்களுக்கு ஐஸ் கொடுக்கும் வாடி வைத்திருந்தவன். கொழுத்த, சத்தமாகப் பேசுகிற ஆள். ஆள் குறைந்த நாட்களில் அஸீம் அவனையும் விளையாட இறக்குவான். காசு கொடுத்து வந்தவர்கள் நல்ல முகமூடிகளை எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது அவனுக்கு.

"சோமண்ணன், ஓடுவீங்களா?"

"ஓடாட்டிலும் எல்லாருக்கும் படக்கூடிய அளவில இருக்கிறன்."

ஒரு நாள் பின்னேரம் அவன் முகமூடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பீப்பாய்க்குப் பின்னால் குந்தினான். தூரத்திலிருந்து அஸீம் கத்தினான்.

"சரியா?"

சோமசேகரத்தின் தலை இடது பக்கம் சரிந்தது. நாடி தோளில் முட்டுவதுபோல ஒரு வெட்டு. பிறகு இன்னொரு வெட்டு.

தவராசாவின் கையிலிருந்த திருகுசாவி மணலில் விழுந்தது. மா மூட்டைச் சாக்கும் இரண்டு ஓட்டைகளும் கண்முன் வந்தன. மீன் யாவாரிக்கும் தண்ணீர்ப் பந்தல்காரனுக்கும் முகம் இருந்தது. இவனுக்கு இல்லை. முகம் இல்லாமல் பார்த்த தலையை முகம் இல்லாமல்தான் கண்டுபிடிக்க முடியும் என்று அவனுக்குத் தோன்றியது. இத்தனை வருடமும் பிழையான இடத்தில் தேடியிருக்கிறான்.

அடுத்த முறை சோமசேகரம் ஐஸ் கட்டியை இறக்கும்போது தவராசா கிட்டப் போனான்.

"தம்பி சல்லியோ?"

"ஓம் அண்ணை. பிறந்ததும் இங்கதான்."

"தொண்ணூறிலயும் இங்கயோ?"

சோமசேகரம் ஐஸில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான். "தொண்ணூறில உள்ளுக்கை இருந்தனான். கொஞ்ச நாள்."

"பிறகு?"

"விட்டாங்கள்."

"சும்மா விட்டாங்களோ?"

"சும்மா ஆரும் விடுவாங்களோ அண்ணை" என்று சிரித்துவிட்டு அவன் சட்டையை உயர்த்தி முதுகைக் காட்டினான். பழைய தழும்புகள். தவராசா தழும்பைப் பார்க்கவில்லை. போனவர்கள் யாரும் திரும்பாத இடத்திலிருந்து இவன் திரும்பியிருக்கிறான். அவனுக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்து கமலேஸ்வரிக்குச் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"அவனைக் கேட்டனீங்களோ, அவர் எங்கையெண்டு?"

"கேட்டால் ஓடிருவான்."

"என்ன செய்யப் போறீங்கள்?"

"கண்ணை எடுக்கப் போறன். பாத்துத்தானே காட்டினவன்."

அவள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினாள். "அத்தான், முதல் கேளுங்கோ. பிறகு என்னவெண்டாலும் செய்யுங்கோ. கண் போனவன் உங்களோட கதைப்பானோ?"

"பாப்பம்" என்றான் தவராசா. அஸீமின் முகமூடிக்கும் அவன் அதைத்தான் சொல்லியிருந்தான்.

அவன் சோமசேகரத்தைக் கவனிக்கத் தொடங்கினான். ஒன்று தெரிந்தது. அந்த ஆள் ஒவ்வொரு முறையும் கடற்கரைப் பக்கத்துக் கடைசிப் பீப்பாய்க்கே ஓடுவான். வியர்வையில் கண்ணாடி புகைந்துவிடும். குந்தி இருந்தபடி முகமூடியை நெற்றிக்கு உயர்த்தி, சட்டை விளிம்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இறக்குவான். அப்படிச் செய்யக்கூடாது என்பது விளையாட்டின் முதல் விதி. அஸீம் கத்துவான். அவன் கேட்கமாட்டான். முகம் திறந்திருப்பது ஒரு மூச்சு விடுகிற நேரம்.

ஆலையின் உடைந்த சுவரிலிருந்து அந்தப் பீப்பாய் நேராகத் தெரியும். ஆனால் பெயின்ட் துவக்கு நேராகச் சுடாது. முதல் உருண்டை ஒரு சாண் இடது பக்கம் போனால் அடுத்தது வலது பக்கம் போகும். ஒரு மூச்சு நேரத்தில் ஒன்றை அடித்துப் பயனில்லை. ஆறேழு போக வேண்டும். ஒன்றாவது கண்ணில் விழும்.

அதற்காக ஒரு துவக்கைத் திருத்துவதாகச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனான். முழுவதும் கழற்றித் துணியில் பரப்பினான். விசை பாதித் தூரம் சும்மா ஓடிய பிறகுதான் கொக்கியைத் தொட்டது. அந்தச் சும்மா ஓட்டம் வேண்டியதில்லை. விசைக்குப் பின்னால் ஒரு சிறு திருகாணியைப் பூட்டி அதை நிறுத்தினான். விசையைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங் தடித்தது, விரல் களைத்துவிடும். பேனைக்குள் இருந்த ஸ்பிரிங்கை எடுத்து வெட்டிப் போட்டான். கொக்கியும் உருக்குத் துண்டும் உரசும் முகத்தைக் குத்துவிளக்கு மினுக்கும் பசையால் தேய்த்தான். நகத்தை வைத்தால் வழுக்கும்வரை தேய்த்தான்.

சுவருக்கு எதிரே வைத்துப் பார்த்தபோது இரண்டு விரல்களால் மாறி மாறித் தட்ட முடிந்தது. ஆனால் நாலாவது உருண்டை துவக்குக்குள்ளேயே வெட்டுப்பட்டு மஞ்சளாக வழிந்தது. மேலே டப்பாவிலிருந்து உருண்டைகள் அந்த வேகத்துக்கு விழவில்லை. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. தையல் மெசினின் பொபின் கூட்டிலிருந்து மெல்லிய தகடு ஒன்றைக் கழற்றி டப்பாவின் வாயில் பூட்டினான். துவக்கு உதறும் ஒவ்வொரு தரமும் தகடு ஆடி உருண்டைகளைக் கலைத்துவிட்டது. பிறகு வெட்டுப்படவில்லை. கடைசியாகத் துவக்கின் பின்முனையில் பெரிய ஸ்பிரிங்கை இறுக்கும் திருகாணியை உள்ளே திருகினான். உருண்டை இன்னும் பலமாகப் போனது. பலகையில் பட்ட இடத்தில் மஞ்சள் தெறித்து, அடியில் பலகை வெளிறியிருந்தது.

ஆலையில் ஒரு முறை பரீட்சித்துப் பார்க்க வேண்டியிருந்தது. மத்தியானம், விளையாட்டு இல்லாத நேரம். அஸீம் பக்கத்தில் நின்றான். தவராசா சுவரைப் பார்த்து விசையைத் தட்டினான். தேய்த்த கொக்கி பிடிக்கவில்லை. உருக்குத் துண்டு திரும்பி வந்து மாட்டாமல் மறுபடி முன்னால் ஓடியது. விசையை விட்ட பிறகும் துவக்கு தானாகவே சுட்டது. தடதடவென்று டப்பா காலியாகும்வரை.

"அல்லாஹ்" என்றான் அஸீம். "மெசின் கன் மாதிரி இருக்கு அண்ணன்."

அவன் சொல்லி முடிக்கவில்லை. வீதியோரக் காவலரணிலிருந்து இருவர் வேலியை மிதித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். உண்மையான துவக்கின் பூட்டை இழுக்கும் சத்தம் தவராசாவுக்கும் அஸீமுக்கும் கேட்டது. தவராசா துவக்கைப் போட்டுவிட்டு முழங்காலில் இருந்து கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டினான். யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாகச் செய்தது. அஸீம் சிங்களத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினான். முதல் அடி அவனுடைய தாடையில். அவன் தவராசாவின் மேல் விழுந்தான். அடுத்தது தவராசாவின் விலாவில், பிறகு அதே இடத்தில். வாய்க்குள் மண். அதே மண், அதே உப்பு. மற்றவன் பெயின்ட் துவக்கைக் காலால் புரட்டிப் பார்த்தான். சுவரில் மஞ்சளைத் தொட்டு முகர்ந்தான். சிரிக்கத் தொடங்கினான். போகும்போது அஸீமைத் தூக்கி நிறுத்தி முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

அஸீம் இரத்தத்தைத் துப்பினான். "இதப் பழையபடி ஆக்குங்க அண்ணன். எனக்கு இந்த வேகம் வேணாம்."

"ஆக்கிறன்."

கொக்கியின் முனையில் அரத்தால் மயிரளவு பள்ளம் வெட்டினான். இப்போது அது பிடித்தது. இழுத்தால்தான் சுட்டது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே விட்டான். விலாவில் மூச்சு முட்டும்போதெல்லாம் சோமசேகரத்தின் தலையை நினைத்துக்கொண்டான்.

அந்தச் சனிக்கிழமை கொழும்பிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். இரண்டு பேர் குறைந்தது. ஐஸ் கொண்டுவந்த சோமசேகரம் விளையாட இறங்கினான்.

"நானும் வாறன்" என்றான் தவராசா.

"அண்ணையோ?" சோமசேகரம் முகமூடியைத் தலையில் மாட்டியபடி சிரித்தான். "மெசினில தைக்கிற மாதிரி என்னைத் தைச்சுப் போடாதேங்கோ."

தவராசா உடைந்த சுவருக்குப் பின்னால் குந்தினான். விசில் ஊதியது. கொழும்பு ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். பீப்பாய்களில் உருண்டைகள் வெடித்தன. சோமசேகரம் கடற்கரைப் பக்கம் ஓடினான். அவன் முதுகில் ஒன்று உரசிப் போனது. அவன் கடைசிப் பீப்பாய்க்குப் பின்னால் விழுந்து, திரும்பி, சாய்ந்து இருந்தான். மூச்சு வாங்கியது. தவராசாவுக்கு அவனுடைய ஒரு பக்கம் முழுவதும் தெரிந்தது. சோமசேகரம் கையை உயர்த்தினான். முகமூடி நெற்றிக்குப் போனது.

கமலேஸ்வரி சொன்னது அந்த நேரம் ஞாபகம் வந்தது. கத்திக் கேட்டிருக்கலாம். தம்பி எங்கே என்று இரண்டு சொல். கேட்டால் அவன் திரும்புவான், முகமூடி இறங்கும்.

இரண்டு விரல்களாலும் தட்டினான்.

முதலாவது பீப்பாயில். இரண்டாவது கழுத்தில். சோமசேகரம் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். திரும்பிய முகத்தில் மற்றவை விழுந்தன. வாயில் ஒன்று, மூக்கு எலும்பில் ஒன்று, இடது கண்ணுக்குள் ஒன்று. அவன் கத்தவில்லை. காற்றை உள்ளே இழுத்தான். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்து மணலில் நெற்றியை இடித்தான். விரல்களுக்கிடையால் மஞ்சள் வந்தது. பிறகு மஞ்சளுக்குள் சிவப்பு. பிறகு கண்ணிலிருந்து இளகிய ஏதோ ஒன்று. கால்கள் உதைத்து மணலில் குழி தோண்டின. தவராசா கிட்டப் போய் நின்றான். சந்தோஷம் வரும் என்று இருந்தான். வரவில்லை.

"சொல்லச் சொல்லக் கேக்கல்ல மனிசன்" என்று அஸீம் கத்திக்கொண்டு ஓடிவந்தான். "முகமூடியக் கழட்டாதீங்க என்டு எத்தின தரம் சொன்னன்."

எல்லோரும் அதையே சொன்னார்கள். விபத்து. அவன் விட்ட பிழை. தவராசாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண்ணை எடுத்துவிட்டார்கள். மறுநாள் தவராசா போனான். சோமசேகரத்தின் பாதி முகம் கட்டுக்குள் இருந்தது. கட்டிலடியில் வேறு யாரும் இல்லை.

"ஆரது?"

"தவராசா."

"இருங்கோ அண்ணை. நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே."

தவராசா இருக்கவில்லை. "தொண்ணூறில கடற்கரைக் கிறவுண்டில, உன்னைக் கதிரையில இருத்தினது ஆர்?"

மற்றக் கண் அவனைத் தேடிப் பிடித்தது. "கதிரையிலயோ? நான் லைனில நிண்டனான். எனக்கும் தலை ஆடினது."

"பொய் சொல்லாத."

"பொய்க்கு இப்ப என்ன தேவை? லொறியில எனக்கு முதல் ஒருத்தன் கிடந்தவன். வாய் முழுக்க உடைஞ்சு. தலையை என்ர மடியில எடுத்து வைச்சனான். பேர் சொன்னவன், விளங்கேல்லை. சிங்கம் எண்டு முடிஞ்சது. நகத்துக்குள்ள எல்லாம் எண்ணைக் கறுப்பு." அவன் முகத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தான். "முகாமுக்குப் போக முதலே ஆள் முடிஞ்சுது. துறைமுகத்துக்குத் திரும்பிற வளைவில நிப்பாட்டி இறக்கினவங்கள். ஒரு புளியமரம், பக்கத்தில பாழ்க் கிணறு. விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது."

"ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"ஆருக்குச் சொல்லுறது? ஆற்ற பிள்ளையெண்டு தெரியாது. ஆரும் கேக்கேல்லை அண்ணை."

தவராசா வெளியே வந்தான். எந்தத் தலையாட்டியும் இப்படித்தான் சொல்வான் என்று வழி முழுவதும் தனக்குச் சொல்லிக்கொண்டான். எண்ணெய்க் கறுப்பு மட்டும் அந்த நினைப்புக்குள் அடங்கவில்லை.

ஆலையைப் பூட்டப் போவதாக அஸீம் சொன்னான். சாமான்களைக் கட்ட உதவி வேண்டும். அடுத்த நாள் தவராசா போனபோது கடைசிப் பீப்பாயடியில் முகமூடி அப்படியே கிடந்தது. யாரும் தொடவில்லை. அவன் எடுத்தான். உள்ளே மணலும் காய்ந்த மஞ்சளும். நெற்றியில் ஆறு. அங்கே குந்தியிருந்து அந்த ஆள் எதைப் பார்த்தான் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. பீப்பாயோடு சாய்ந்து முகமூடியைப் போட்டான். அவன் தைக்காமல் திருப்பிக் கொடுத்த பட்டி இழுபட்டு, பிடிக்காமல், முகமூடி வலது பக்கமாக வழுக்கியது. கண்ணாடியின் விளிம்பு கண்ணுக்குக் குறுக்கே வந்தது. ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையிலும் மணல்.

"அங்க எல்லாம் எடுத்தாச்சா அண்ணன்?" அஸீம் ஆலை வாசலிலிருந்து கத்தினான்.

கண்ணாடியை நேராக்கத் தவராசா தலையை இடது பக்கம் வெட்டினான். போதவில்லை. இன்னொரு தரம் வெட்டினான்.

"சரி அண்ணன்" என்று சொல்லிவிட்டு அஸீம் உள்ளே போனான்.

தவராசா அசையாமல் இருந்தான். முகமூடிக்குள் அவனுடைய மூச்சு சூடாகத் திரும்பி வந்தது. மா மூட்டைச் சாக்கு. பட்டிகூட இல்லை. காலையிலிருந்து வெயிலில் கதிரையில் ஒருவன். கையைக் கட்டியிருப்பார்கள். வியர்வையில் சாக்கு நழுவும். ஓட்டை கண்ணை விட்டு விலகும். முன்னால் நிற்பது யார் என்று பார்க்க அவன் தலையை வெட்டுவான். ஒரு தரம் போதாது. அவன் பார்ப்பதற்கு முன்பே அடி விழுந்துவிட்டது.

தவராசா முகமூடியைக் கழற்றினான். எடுத்த இடத்திலேயே, பீப்பாயடியில் வைத்தான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது கமலேஸ்வரி குசினி வாசலில் நின்றாள். அவளுக்குச் செய்தி வந்திருந்தது.

"அவன்தானோ?"

தவராசா தலையை அசைக்கவில்லை. கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு வாயால் சொன்னான். "இல்லை."

அவன் லொறியைச் சொன்னான், மடியைச் சொன்னான், வளைவையும் புளியமரத்தையும் கிணற்றையும் சொன்னான். எண்ணெய்க் கறுப்பைச் சொன்னபோது அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை.

"கேட்டனீங்கள்."

"ஓம்."

"கண்ணை எடுக்க முதலோ, பிறகோ?"

"பிறகு."

அவள் சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தாள். துடைப்பதற்கு அதில் பொட்டு அதிகம் இருக்கவில்லை.

"அந்தாளுக்குக் கட்டவிழ்க்கட்டும். பிறகு கிணத்தடிக்குப் போகவேணும். நீங்கள் வரவேண்டாம் அத்தான்" என்றாள். "ஒரு கண் இருக்குத்தானே. அந்தாள் வந்து காட்டும்."